வெர்லின் வீட்டு முன்புல்

முழங்கால் அறுவை சிகிச்சைக்கு வெர்லின் பயப்படவில்லை. அது ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தார். நெப்ராஸ்காவில் அவர்கள் ஊர் அப்படி. ஒருவர் படுத்துவிட்டார் என்றால் போதும், பெண்கள் சீஸ் உருக்கி ஊற்றிய உருளைக்கிழங்கோடு வாசலில் வந்து நிற்பார்கள். ஆண்கள் கேட்காமலே வந்து புல்லை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். உருளைக்கிழங்கை எப்படியாவது தின்று தீர்த்துவிடலாம். புல்லை என்ன செய்வது?

தெருவில் எல்லார் வீட்டு முன்னாலும் ஒட்ட வெட்டிய பச்சைப் புல். வெர்லின் வீட்டு முன்னால் மட்டும், தண்டில் நீலம் பூத்த நாட்டுப் புல் இடுப்பளவுக்கு நின்றது. அந்தச் சமவெளியில் மனிதர்கள் வருமுன்பே இருந்த புல், தண்ணீர் கேட்காது. விதை போட்டு, முளை எது களை எது என்று மண்டியிட்டு மண்டியிட்டுப் பார்த்தே மூன்று வருஷமாக வளர்த்திருந்தார். முழங்கால் போனதே அதில்தான். இந்த அக்டோபரில் முதல் முறையாக அத்தனை புல்லும் செம்பு நிறத்துக்கு மாறப்போகிறது. அதைப் பார்க்காமல் அவர் கட்டை வேகாது.

தங்கை ஊருக்கு மீன் பிடிக்கப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ரகசியமாகவே திரும்பியும் வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த மனைவி டோரீனின் முகம் சரியில்லை.

"யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லல. உன் காலுக்கு ஜெபம் பண்ணுங்கன்னு பாஸ்டர் காதுல ஒரு வார்த்தை போட்டேன்."

"அப்புறம்?"

"அவர் மைக்குல சொல்லிட்டாரு."

மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு கஸ், புல்வெட்டும் வண்டியில் ஏறி உட்கார்ந்து வந்துவிட்டார். தங்கமான மனுஷன். அதுதான் சிக்கலே. வெர்லின் ஜன்னல் கண்ணாடியை மடேர் மடேர் என்று தட்டினார். நன்றி சொல்கிறார் என்று நினைத்து கஸ் தொப்பியைத் தூக்கி ஆட்டினார். வண்டி புல்லுக்குள் நுழைந்தது.

படி இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெர்லின் இறங்கினார். இரவு உடுப்போடு, வாக்கரை ஊன்றி நொண்டிக்கொண்டே போய் வண்டியை மறித்து நின்றார்.

கஸ் பதறிப்போய் வண்டியை அணைத்தார். "யோவ், பைத்தியமா உனக்கு? உள்ள போய்ப் படு, நான் பாத்துக்கறேன்."

"வெட்டாதய்யா! இது நான் வளத்தது!"

"எது?"

"இந்தப் புல்லுதான்!"

கஸ் புல்லைப் பார்த்தார். வெர்லினைப் பார்த்தார். "வேணும்னேவா?"

"விதை போட்டு!"

கஸ் தொப்பியைக் கழற்றினார். "மூணு வருஷமா நானும் என் பொண்டாட்டியும் உனக்காகப் பரிதாபப்பட்டுட்டு இருக்கமேய்யா. ஒரு புல்வெட்டி வாங்கக்கூட வழியில்லாம கஷ்டப்படறியேன்னு கிறிஸ்துமஸுக்கு வசூல் பண்றதா இருந்தோம்!"

வெர்லினுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அதற்குள் தெருவிலிருந்து வீட்டுக்குப் பாதித் தூரம்வரை புல் ஒரு பட்டையாக மொட்டையாகிவிட்டிருந்தது.

அக்டோபரில் மிச்சப் புல் சிவந்தது. சாயங்கால வெயில் பட்டதும் வாசலெல்லாம் செம்பாக மின்னியது. காரில் போனவர்கள் நிறுத்திப் பார்த்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெர்லினுக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் மொட்டைப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் இருந்த புல் மட்டும் ஏன் இப்படிச் சரிந்து படுத்துக் கிடக்கிறது என்றுதான் புரியவில்லை.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கஸ் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

"தினமும் நீ தூங்கறப்ப வந்து தண்ணி விடறாரு, இன்னைக்குத்தான் நீ முழிச்சிருக்க," என்றாள் டோரீன். "வெட்டினது மனசை அறுக்குதாம். தண்ணி விட்டா இது படுத்துடும்னு போய்ச் சொல்லேன்."

வெர்லின் ஜன்னலைத் தட்டினார். கஸ் நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாகத் தொப்பியைத் தூக்கி ஆட்டினார்.

வெர்லினும் கையை ஆட்டினார்.