இடப்பக்க இருக்கை

தன் காரைத் தானே ஓட்டக் கூடாது என்று ஆகி முஜிபுர் ரஹ்மானுக்குப் பத்து மாதம் முடிந்திருந்தது. கையில் போனோடு சிவப்பு விளக்கைத் தாண்டி, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவை இடித்துவிட்டு நிற்காமல் போனவன். ரிக்‌ஷாக்காரர் கால் முறிந்து பிழைத்துக்கொண்டார். வழக்கு முடிந்தது, லைசென்ஸும் திரும்பி வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் இறங்கி வரவில்லை. பாலிசி தருவார்களாம், ஆனால் ஒரு வருஷம் அவன் ஓட்டக் கூடாதாம். வேறொருவர் பெயரைக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வருஷம் கார் எதிலும் உரசாமல் இருந்தால் அவன் பெயரைச் சேர்ப்பார்களாம்.

அவன் மனைவி ஷப்னம் கொடுத்த பெயர் யாசர்.

யாசர் அவளுடைய மாமி மகன். முஜிபுர் பெண் கேட்டு வருமுன், அவள் அவனுக்குத்தான் என்று யாங்கோனின் லான்மடாவ் பேட்டை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றும் அவனை அவள் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுகிறாள். கட்டிய புருஷன் வெறும் 'என்னங்க'.

தினமும் காலையில் ஷப்னம் சமைத்த பிரியாணி மிங்கலாடோனில் இரண்டு ஆபீஸ் கேன்டீன்களுக்குப் போகும். அவள் சட்டிகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்காருவாள். வலப்பக்கம் ஸ்டீயரிங்கில் யாசர், இடப்பக்கம் முஜிபுர். யாங்கோனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம்தான் போகும். இந்தப் பழைய ஜப்பான் கார்களிலோ ஸ்டீயரிங்கும் வலப்பக்கம். முன்னால் பஸ் நின்றால் ஓட்டுகிறவனுக்கு எதிரே வருவது தெரியாது. இடப்பக்கம் இருப்பவன் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆக, யாசருக்குக் கண்ணாக இருப்பதுதான் முஜிபுரின் வேலை.

"ஷப்னம், இன்னைக்கு ஏலக்காய் கூடிப்போச்சு. கார் பூரா கல்யாண வீடு மாதிரி மணக்குது," என்றான் யாசர்.

"உன் மூக்குக்கு வேற வேலை இல்ல மச்சான். மாமி உன்னை அடுப்பங்கரைப் பக்கமே விட மாட்டாங்களே."

"விடாட்டி என்ன? நீதான் ஜன்னல் வழியா எடுத்துத் தருவியே."

அவள் சிரித்தாள். பத்து மாதமாக அந்தச் சிரிப்பு முஜிபுரின் பிடரிக்குப் பின்னால் மட்டுமே கேட்கிறது. கண்ணாடியில் அதைப் பார்ப்பவன் யாசர்.

பாதை குறுகிய இடத்தில் பஸ் ஒன்று நின்றது.

"பாய், பார்த்துச் சொல்லுங்க."

முஜிபுர் எட்டிப் பார்த்தான். முட்டைக்கோஸ் ஏற்றிய நீல நிறக் குட்டி லாரி வந்துகொண்டிருந்தது. ஒரு கீறல் போதும், யாசரையும் கம்பெனி கழற்றிவிடும். பின்னால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

"போ," என்றான்.

கார் மூக்கை நீட்டியது. "மச்சான்!" என்று ஷப்னம் அலறினாள். யாசர் பிரேக்கை மிதித்தான். லாரி முஜிபுரின் பக்கத்துக் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. ஒரு சட்டி கவிழ்ந்து ஷப்னத்தின் மடியெல்லாம் சோறு.

லாரிக்காரர் இறங்கி வந்து பர்மிய மொழியில் வாய்க்கு வந்தபடி திட்டினார். யாசர் குனிந்து மன்னிப்புக் கேட்டான். கம்பெனி ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது என்று விசாரித்தார்.

"நான்தான் அவசரப்பட்டேன்," என்றான் யாசர்.

முஜிபுர் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றான். யாசர் காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். இந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

"ஒரு வருஷக் கணக்கு இன்றிலிருந்து மறுபடி ஆரம்பம்," என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த ஆள். கணக்கு காருக்குத்தான், யாசருக்கு இல்லை. பாலிசியோடு வந்த கடிதத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள்.

ஷப்னம் மடியிலிருந்த சோற்றைத் தட்டினாள். "என்னங்க, லாரி வர்றது பின்னால இருந்த எனக்கே தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல."

அவள் இடப்பக்க முன்கதவைத் திறந்தாள். "பின்னால போய் உட்காருங்க. இனிமே நான் முன்னால."

"வேணாம் ஷப்னம், பாய் இருக்கட்டும்..."

"நீ சும்மா இரு மச்சான்."

முஜிபுர் சூடான சட்டிகளை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டான். கொஞ்ச தூரத்தில் இன்னொரு பஸ் நின்றது. ஷப்னம் தலையை நீட்டிப் பார்த்து, "போ" என்றாள்.

அவள் சொல்லி முடிக்குமுன் கார் சீறிக் கிளம்பியது. தான் சொல்லும்போதெல்லாம் யாசர் ஒரு மூச்சு தாமதித்தே நகர்ந்தான் என்பது முஜிபுருக்கு அப்போதுதான் உறைத்தது.