பார்த்துவிட்டுத்தான் போவார் பேக்கரிக்காரர்

லிப்ட் மெக்கானிக் தொடர்ந்து ஏழு ஞாயிறு தோற்றிருந்தார். எட்டாவதும் தோற்றால் இனிச் சீட்டைத் தொடுவதில்லை என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் கேட்கவில்லை, அவராகத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். வாரத்தில் ஆறு நாள் லிப்ட் குழிக்குள் தனியாக நிற்கிறவருக்கு, நாலு பேரோடு உட்காருவது அந்த ஒரு மதியம்தான்.

ஆட்டம் தையல்கடையின் பின்னறையில், துணி வெட்டும் மேசையில். தையல்காரர், பேக்கரிக்காரர், பல் டாக்டர், இவர். போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. புத்தகம் வாங்கிப் படித்தவர் இவர் மட்டுமே. மற்ற மூவருக்கும் எந்தச் சீட்டுகள் சேர்ந்தால் பெரிய கை, எவை சேர்ந்தால் சின்னக் கை என்பதிலேயே அவ்வப்போது சந்தேகம் வரும். அவர்களிடம்தான் தோற்றுக்கொண்டிருந்தார்.

கையில் ஒன்றுமில்லாதபோது பெரிய பந்தயம் கட்டிப் பூச்சாண்டி காட்டுவார். விவரம் தெரிந்தவன் பயந்து சீட்டைக் கவிழ்த்து அந்தச் சுற்றை விட்டுவிடுவான். பேக்கரிக்காரரோ ஒரு ஜோடிகூட இல்லாமல் "பாத்துடலாம்" என்று காசைத் தள்ளுவார். ராணிச் சீட்டு வந்தால் தையல்காரருக்கு அதைக் கைவிட மனம் வராது. டாக்டர் ஒரு வாரம் எல்லாவற்றையும் கவிழ்ப்பார், மறுவாரம் எல்லாவற்றிலும் இறங்குவார்.

சனிக்கிழமை சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினார். "நான் காட்டுறது என்னன்னு புரிஞ்சாத்தானே பயப்படுவாங்க?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மேல போறவங்க லிப்ட்ல ரெண்டு பட்டனையும் அமுக்குறாங்கன்னு தினமும் வந்து சொல்றீங்களே, அவங்களத் திருத்தவா பாக்குறீங்க?"

"திருத்த முடியுமா? எத்தன தடவ அமுக்கினாலும் உடையாத பட்டனா பாத்துப் போடுவேன்."

"அப்புறம் என்ன?" என்று அடுத்த சட்டையை எடுத்தாள். அவர் கை தட்டிலேயே நின்றது.

ஞாயிறு வந்தது. பூச்சாண்டியை விட்டுவிட்டு, மோசமான சீட்டுகளைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. "டாக்டர், இவருக்கு வாயில ஊசி போட்டுட்டீங்களா?" என்று தையல்காரர் கேட்டார்.

முதல் நல்ல கை: இரண்டு ராஜா. தயங்காமல் பெரிதாகக் கட்டினார். தையல்காரர் ராணியையும் ஆறையும் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். நடுவில் முதலில் ஓர் ஆறு விழுந்தது, கடைசிச் சீட்டாக ராணி வந்தது. தையல்காரருக்கு இரண்டு ஜோடி, இவருக்கு ஒன்றுதான். மெக்கானிக்கின் காசில் பாதி போயிற்று.

அடுத்த கையில் ஏழும் இரண்டும், உதவாக்கரை. ஆனாலும் உள்ளங்கை அரித்தது. ஒரே ஒரு பூச்சாண்டி, விட்டதைப் பிடித்துவிடலாம். விரல்கள் காசுக்குப் போயின. அப்போது பேக்கரிக்காரரைப் பார்த்தார். இவர் எவ்வளவு கட்டப்போகிறார் என்று தெரியுமுன்பே, அவர் ஒரு பிடி காசை எடுத்துத் தயாராக வைத்திருந்தார். மெக்கானிக் சீட்டைக் கவிழ்த்தார்.

அப்புறம் ஒரு மணி நேரம் காத்திருந்தார். இரண்டு எட்டு வந்தது. நடுவில் மூன்றாவது எட்டும் விழுந்தது. ஒளிவுமறைவு எதுவுமில்லாமல் மூன்று முறை கட்டினார். மூன்று முறையும் பேக்கரிக்காரர் "பாத்துடலாம்" என்றார். டாக்டரும் பாதி வழிவரை வந்தார்.

மெக்கானிக் சீட்டைத் திருப்பினார். பேக்கரிக்காரர் மேசைமேல் குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, நிதானமாகப் பார்த்தார். "எட்டா... எனக்கு அப்பவே தோணுச்சு."

தோன்றியும் ஏன் கட்டினீர்கள் என்று போன வாரமாக இருந்தால் பாடம் எடுத்திருப்பார். இன்று அந்த முகத்தைப் பார்த்தார். வருத்தமே இல்லை. காசு கொடுத்தது பார்ப்பதற்கு, பார்த்தாகிவிட்டது.

விட்டது வந்து, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. கடைசிச் சுற்றுக்குத் தையல்காரர் சீட்டைக் கலைத்தபோது பேக்கரிக்காரர் தணிந்த குரலில் கேட்டார்: "எங்க மேல கோவமா தம்பி? இன்னிக்கு பேசவே இல்லையே. அடுத்த வாரம் வருவீங்கள்ல?"

அடுத்த வாரமும் இங்கே வருவதற்காகத்தான் மதியமெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மெக்கானிக்; பேக்கரிக்காரரும் அதையே கேட்கிறார்.

"வருவேண்ணே."

சீட்டு வந்தது. நான்கும் ஒன்பதும். கவிழ்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பேக்கரியில் புது அடுப்பு வைத்தாராமே, எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பேக்கரிக்காரர் சொல்லத் தொடங்கினார். தன் முறை வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.