பூசைக்குப் போன கைப்பிடி

எருத்தேன்பதி நிலக்கடலைக் காடுகளுக்கு மேலே பறந்தபோது விமானத்தில் கரண்ட் மொத்தமாகப் போனது. முதலில் கருகல் வாடை. பிறகு ரேடியோ ஊமையானது. என்ஜின் மட்டும் எனக்கென்ன என்று ஓடிக்கொண்டிருந்தது.

பின் சீட்டில் பூமாரி. இரண்டு நாளாகப் பிரசவ வலி. எஸ்டேட் டாக்டர் கையை விரித்துவிட்டார். மழையில் மலை ரோடு சரிந்து கிடந்ததால், மறையூரிலிருந்து முதலாளியின் குட்டி விமானத்தில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அந்த விமானத்தைப் பராமரிக்கும் ஃபிட்டர் அவள் புருசன் பொன்ராஜ்தான். எழுபத்துநாலாம் வருசம், ஆயுத பூசை நாள்.

சக்கரத்தை இறக்கும் மோட்டாருக்கும் கரண்ட் வேண்டும். பைலட் சகாயம் பதறவில்லை. "கையால சுத்தி எறக்கிருவோம். சீட்டுக்கடியில கைப்பிடி இருக்கும், எடு."

பொன்ராஜ் குனிந்து தேடவே இல்லை. கைப்பிடி அங்கே இல்லை. முந்தின சாயங்காலம் ஸ்பேனர், சுத்தியலோடு அதையும் கழற்றித் துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, எஸ்டேட் ஃபேக்டரியில் சாமி முன்னால் பரப்பியது அவன்தான். பூசைக்கு வைத்த சாமானை விஜயதசமிக்கு முன் யாரும் தொடமாட்டார்கள். பூசை நாளில் விமானம் எங்கே பறக்கப்போகிறது என்று அந்த மடையன் நினைத்துவிட்டான். கிளம்பும்போது பூமாரி அலறிய அலறலில் கைப்பிடி நினைப்பே வரவில்லை.

"சார், அது பூசையில இருக்கு."

சகாயம் திரும்பிப் பார்த்தார். "ஸ்பேனராவது இருக்கா?"

"எல்லாமே அங்கதான் சார்."

கைப்பிடி மாட்டுவதற்காக விமானத்தின் தரையில் விரற்கடை அளவு துருத்திக்கொண்டிருந்த இரும்புத் தண்டில் துண்டைச் சுற்றி, இரண்டு கையாலும் திருகினான். ஐம்பது சுற்று வேண்டும். பத்தாவது சுற்றிலேயே தோல் உரிந்தது. துண்டு ரத்தத்தில் வழுக்கியது. கோயமுத்தூர் வந்தும் இறங்க முடியாமல் விமானம் வட்டமடித்தது.

"என்னங்க, இன்னும் எறங்கலையா? புள்ள அசைவே தெரியலங்க," என்றாள் பூமாரி.

அவன் அழுதுகொண்டே திருகினான்.

ஐம்பது சுற்றும் முடிய முக்கால் மணி நேரமாயிற்று. சக்கரம் பூட்டிக்கொண்டதா என்று காட்டும் விளக்கும் எரியவில்லை. வருவது வரட்டும் என்று சகாயம் இறக்கினார். சக்கரம் தாங்கியது.

ஆஸ்பத்திரியில் தாய் பிழைத்தாள். "ஒரு அரை மணி முன்னால வந்திருந்தீங்கன்னா கொழந்தையையும் காப்பாத்தியிருக்கலாங்க," என்றார் டாக்டரம்மா. அந்த அரை மணி எங்கே போனது என்று பொன்ராஜுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பூமாரி அவனுடைய கட்டுப்போட்ட கைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். பார்க்க வந்த சகாயமும் பக்கத்தில் நின்றார்.

"கரண்டு போயும் நாம உசுரோட எறங்குனோமே. நீங்க பூசையில ஒரு கொறையும் வைக்கல, அதான்," என்றாள்.

சகாயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆமா புள்ள," என்றான் பொன்ராஜ்.