பக்கிரிசாமி இரண்டு முறை இறந்தது

மலேசியாவில் மெர்போக் பக்கம் எங்கள் செம்பனை ஆலையில் பக்கிரிசாமி இரண்டு முறை இறந்தான். முதல் முறை இறந்தபோது லீவு போட்டுவிட்டு வீட்டில் நண்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவனைக் கொன்றது தலைமை அலுவலகத்துக் கணினிப் பையன் விக்னேஸ்வரன். நல்ல பிள்ளை, கோழியைக்கூட விரட்ட மாட்டான். ஏமாற்று மின்னஞ்சல் வந்தால் திறக்காமல் 'புகார்' பொத்தானை அழுத்த எங்களுக்குக் கற்றுக்கொடுப்பது அவன் வேலை. பாடம் ஏறியதா என்று பார்க்க அவனே இடையிடையே ஒரு போலியை அனுப்புவான். பரிசு விழுந்திருக்கிறது என்று அனுப்பினான், யாரும் தொடவில்லை. எங்களுக்குப் பரிசு விழாது என்பது எங்களுக்குத் தெரியும். பிறகுதான் எங்களைப் புரிந்துகொண்டான். 'கொதிகலன் பக்கிரிசாமி காலமானார், அடக்க விவரத்துக்கு இங்கே அழுத்தவும்' என்று அனுப்பினான். லாரிகளை எடை போடும் நான் உட்பட ஆலையே அழுத்தியது.

ஸ்டோர் அந்தோணிதாஸ் அதோடு நிற்கவில்லை. பக்கிரிசாமியோடு ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். மாலை வாங்கி, அழுதுகொண்டே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினான்.

"எனக்காடா?" என்றான் பக்கிரிசாமி, நண்டுக் காலைக் கடித்தபடி.

"நீ செத்துட்டேன்னு ஆபீஸ்ல சொன்னாங்க லா."

"என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." மனைவி செல்லாயியிடம் திரும்பினான். "இந்தா, நெஜமா போறப்ப இவன் வராம என்னைத் தூக்க விடாத."

மாலை வீணாகக் கூடாது என்று மோட்டார் சைக்கிளுக்குப் போட்டு அனுப்பினான்.

எங்களுக்கெல்லாம் ஓர் எச்சரிக்கைக் கடிதம். அந்தோணிதாஸுக்கு இரண்டு: அழுத்தியதற்கு ஒன்று, வேலை நேரத்தில் துக்கம் கேட்கப் போனதற்கு ஒன்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். அவன் வயதுக்கு வேறு எவனும் எடுக்க மாட்டான்.

"சந்தேகம் வந்தா சம்பந்தப்பட்டவருக்கே போன் போட்டுக் கேளுங்க அங்கிள்," என்றான் விக்னேஸ்வரன். "தெரியாத நம்பரை எடுக்காதீங்க."

சில மாதம் கழித்து பக்கிரிசாமி யான் என்ற ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனான். அங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. செல்லாயி ஆபீசுக்குச் சொன்னாள். ஆபீஸ் மின்னஞ்சல் அனுப்பியது. ஆலையே சிரித்துக்கொண்டு 'புகார்' அழுத்தியது.

அந்தோணிதாஸ் மட்டும் சிரிக்கவில்லை. கற்றுக்கொடுத்தபடி பக்கிரிசாமிக்கே போன் போட்டான். அது ஆஸ்பத்திரி கொடுத்த பிளாஸ்டிக் பையில், அவன் சட்டைக்குள் கிடந்து அடித்தது.

"எடுக்கலண்ணே," என்றான் என்னிடம். "குளிச்சிட்டிருப்பான்."

பிறகு தெரியாத நம்பர் ஒன்று அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. பக்கிரிசாமியின் மகள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அந்த நம்பரைத் தடுத்துவிட்டு, மின்னஞ்சலுக்கும் 'புகார்' அழுத்திவிட்டு, உரமூட்டை எண்ணப் போனான்.

யானில் பொழுது சாயும்வரை செல்லாயி தூக்க விடவில்லை. கடைசியில் பக்கத்து வயல்களிலிருந்து வந்த மலாய்க்காரர்கள் தோள் கொடுத்தார்கள்.

மறுவாரம், மிகக் கவனமான ஊழியர் என்று புகார்களை எண்ணும் கணினியே அந்தோணிதாஸைத் தேர்ந்தெடுத்தது. பரிசு, ஒரு கூடை பிஸ்கட். அதை அவன் கையில் வைத்திருந்தபோதுதான் செல்லாயி புருஷனுடைய பூட்சை வாங்கிப் போக வந்தாள்.

"போன் அடிச்சோமேண்ணே," என்றாள் அவனிடம். பூட்சை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

விக்னேஸ்வரன் அழுதுவிட்டு வேலையை விட்டுப் போனான். போலி மின்னஞ்சல் அனுப்ப அவன் பழக்கிவைத்த கணினி போகவில்லை. சாவுச் செய்தியில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுகிறார்கள் என்று கண்டுகொண்டு, முறை வைத்து எங்களைக் கொன்றுகொண்டிருந்தது. போன திங்கட்கிழமை என் முறை.

கால் வீங்கி வீட்டில் இருந்தேன். கேட்டருகே அந்தோணிதாஸ் மாலையோடு நின்றான்.

"இருக்கேன்டா."

"தெரியுதுண்ணே."

"அந்த இமெயில அழுத்திட்டியா?"

"அழுத்திட்டேன்."

"மூணாவது லா. வேலை போயிரும்."

"போவட்டும்."

மாலையை நாற்காலியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். தேத்தண்ணி வேண்டாம் என்றான். நான் செத்தவன் என்பதால் மேற்கொண்டு என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை.

பிறகு எழுந்து, என் முகத்தைப் பார்க்காமல் வெளியே நடந்தான். துக்க வீட்டில் யாரும் போயிட்டு வர்றேன் என்று சொல்வதில்லை.