கோரிக்கை இலக்கம் ஒன்றை எழுதியவன்

1.

இந்தக் கதை ஒரு பகிடியில் தொடங்கியது. பகிடி என்னுடையது, அதற்கு ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘கல்முனைக் கடற்கரையில் அலைகள் ஓயாமல்…’

(வெட்டிவிட்டேன். அலைகளுக்கு இதில் பங்கில்லை.)

இரண்டாவது: ‘அஸீஸாவுக்கு முப்பத்திரண்டு வயது. நாலு பிள்ளைகள், நாலும் வயிற்றைக் கீறி எடுத்தவை. ஐந்தாவது வந்தால் உயிருக்குப் பொறுப்பில்லை என்று டாக்டர்…’

இது உண்மை. அதனால்தான் நிறுத்தினேன். அஸீஸா என் ராத்தா. கூடப் பிறந்த மூத்தவள்.

2.

நான் கம்பஸில் இரண்டாம் வருடம். விடுதிச் சுவரில் ‘நுளம்பு’ என்ற பெயரில் நையாண்டி எழுதி ஒட்டுவேன். சொந்தப் பெயரை எதிலும் போட்டதில்லை. (நுளம்பு பெயரைச் சொல்லிவிட்டா கடிக்கிறது?)

லீவுக்கு வந்திருந்தபோது ஷரிபுதீன் மரைக்கார் கூப்பிட்டார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் எங்கள் குடிக்கு அவர்தான் ஆள்.*

“தம்பி, நீ நல்லா எழுதுவியாமே. கிளினிக்குக்கு ஒரு மகஜர் வேணும். அந்தக் கர்ப்பத்தடை ஊசியப் பத்தி. மார்க்கத்துக்கு அமைவா ஆலோசனை குடுங்க எண்டு மரியாதையா எழுது.”

“இப்ப என்ன அவசரம் மரைக்கார்?”

“வெளிய உள்ளவனுகள் நாம கூடப் பெறுறோம் எண்டு கத்துறானுகள். நம்மட புள்ளைகள் ஊசி போட்டுக் குறைக்கிதுகள். நாளைக்கு நாம இரிப்பமா?”

அவருடைய பயம் மெய்யானது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அவர் தப்பாகப் பூட்டியிருந்த சட்டைப் பித்தான்தான்.

நாலு கோரிக்கைகள் எழுதினேன். ஊசி போடமுன் கணவனின் கையொப்பம் வேண்டும். பிறகு மாமியாரின் கையொப்பம். பிறகு அயலவர் இருவரின் ஆட்சேபனையின்மைக் கடிதம். கடைசியாக, பிறக்கப்போகும் பிள்ளையின் சம்மதம், எழுத்தில். நிர்வாகக் கூட்டம் விழுந்து சிரித்துவிட்டு மகஜரைக் கிழிக்கும் என்று நம்பினேன்.

* எங்கள் ஊரில் குடி, அதாவது வம்சம், தாய்வழியில் வரும். வீடும் பெண்ணுக்குத்தான், கலியாணம் முடித்த ஆண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவான்.

3.

மரைக்கார் கண்ணாடியைப் போட்டு உரக்க வாசித்தார். ஒரு இருமல் கேட்டது. சிரிப்பு கேட்கவில்லை.

“ரெண்டு, மூணு, நாலு கொஞ்சம் கூடிப்போச்சு தம்பி. ஒண்டு நல்லாரிக்கி. இது நமக்குத் தோணல்லியே!”

றாஸிக் மௌலவி மட்டும், “உசிருக்கு ஆபத்தெண்டா மார்க்கத்துல இடமிரிக்கி. அவசரப்படாம யோசிப்பம்” என்றார். யோசிக்கமுன் தேத்தண்ணீர் வந்துவிட்டது.

பகிடி என்று நான் சொல்லியிருக்கலாம். பிளேன்டி குடித்தேன்.

ஏழு குடி, ஏழு கையொப்பம். தாயின் வழியால் கதிரை கிடைத்த ஏழு ஆண்கள், ஒரு தாய் அனுமதி கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

(இந்த வரிக்கு எனக்கே கைதட்டத் தோன்றியது. அறையில் வேறு ஆளில்லை.)

4.

ராத்தா மூன்று மாதத்துக்கொருமுறை அந்த ஊசி போடுகிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கட்டாரில் இருக்கும் அவள் கணவர் ஜவுபர் மச்சானுக்கும் தெரியாது. அடுத்த கிழமை அவர் லீவில் வருகிறார்.

செவ்வாய்க்கிழமை அடுத்த ஊசிக்குக் கிளினிக்குக்குப் போனாள். அங்குள்ள மிட்வைப் கிருபாமலர் மிஸ் சொன்னாவாம்: “சட்டத்துல அப்பிடி ஒண்டும் இல்ல தங்கச்சி. ஆனா ஏழு பேர் வந்து கதைச்சிட்டுப் போயிருக்காங்க. மேலிடத்துல பிரச்சினை வேணாம் எண்டுறாங்க. அவருட்ட ஒரு கையொப்பம் வாங்கிட்டு வாங்களன்.”

மகஜரின் பிரதி மேசையில் கிடந்திருக்கிறது. ஊரில் அரைப்புள்ளி போட்டு எழுதுகிறவன் நான் ஒருவன்தான்.

ராத்தா வீட்டுக்கு வந்து ஒன்றுதான் கேட்டாள். “நீயாடா?”

5.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) மச்சானின் கையொப்பத்தை நானே போடுகிறேன். ராத்தாவிடம் காட்டினேன். “அப்ப கள்ளக் கையெழுத்துலதான் நான் உசிரோட இரிக்கணுமா?”

ஆ) ராத்தா போன் எடுக்கிறாள், மச்சான் ‘ஓம்’ என்கிறார். மூன்றுமுறை எழுதினேன். மூன்றுமுறையும் அவர் ‘வந்து கதைப்பம்’ என்று போனை வைக்கிறார். நல்ல மனிதர். ஆனால் வெள்ளிதோறும் குடும்ப வட்ஸ்அப் குறூப்பில், பிள்ளைகளைக் குறைப்பது பாவம் என்ற பயான் பேச்சைப் போடுகிறவரும் அவரே. அந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. ராத்தாவும்.

இ) மரைக்கார் மனம் திருந்தி

“போதும்டா” என்று ராத்தா தாளை இழுத்தாள். “எனக்குக் கதை வேணாம். இத நான் பகிடிக்கு எழுதின எண்டு ஒரு காயிதம் எழுது. உண்ட பேரப் போட்டுப் பள்ளியில ஒட்டு. எண்ட பேரும் இரிக்கட்டும், அவர் அறிஞ்சா அறியட்டும். றாஸிக் மௌலவிக்கிட்டக் கேட்டுட்டன். எழுதினவன் பேரோட வந்தா மறுகாக் கூட்டத்துல எடுப்பாராம்.”

“நுளம்பு எண்டு போடட்டா?”

அவளும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என்னோடு கதைக்கவுமில்லை. சோறு மட்டும் மூடி வைக்கிறாள். மூடியைத் திறந்து தனியாகச் சாப்பிடுகிறேன். மீனின் நடுத்துண்டு எனக்குத்தான் இருக்கிறது.

6.

அந்தக் காயிதம்தான் இது. நீண்டுவிட்டது.

நாளை ஜும்ஆவுக்கு முன் பள்ளி அறிவித்தல் பலகையில் நாலு குண்டூசி குத்த வேண்டும். மச்சானின் விமானத்துக்கு இன்னும் ஆறு நாள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. அவளுக்காக நான் எழுதிய வரி ஏற்கனவே போதும். பலகைக்கு முன் நின்று நீங்கள் இதை வாசித்தால், கீழே பாருங்கள். என் பெயர் இருந்தால் கூட்டம் மறுபடி கூடும். நுளம்பு என்றிருந்தால் அடித்துவிட்டுப் போங்கள். இதைப் பலகையில் அல்லாமல் வேறெங்கோ வாசிக்கிறீர்கள் என்றால், அஸீஸாவின் முடிவும் உங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பேனை திறந்துதான் இருக்கிறது.

எழுதியவர்: ……………………