பக்கத்து வீட்டு விலை

"முப்பத்தெட்டு லட்சமா?"

தையற்கடைக்காரரின் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். அவள் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டியும் கணவரின் சட்டை மேல் நின்றுவிட்டது. கருகல் வாசனை வந்த பிறகுதான் அதைத் தூக்கினாள்.

"தரகர் கடைக்கே வந்து சொன்னாரு. டீச்சர் வீட்டுக்கு அந்த விலைன்னா நமக்கும் நல்லதுதானே? நாமளும் விக்கத்தானே போறோம்?" என்றார் கணவர்.

அவருக்கு முழங்கால் போய்விட்டது. படுக்கையறையோ மாடியில். இந்த வீட்டை நல்ல விலைக்கு விற்றால்தான் மாடிப்படி இல்லாத வீடு ஒன்று வாங்க முடியும். இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் இருபது வருஷமாக நடுச்சுவர் ஒன்றைப் பங்கு போட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டு டீச்சர் வெள்ளையடித்தால்கூட ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தவள் அவள். தன் வீடு விலை போகும் முன்னால் டீச்சர் வீடு முப்பத்தெட்டுக்குப் போவதா?

"வாங்குறது யாராம்?"

"பெரியாஸ்பத்திரி நர்ஸு. நம்ம தெரு கூட்டுற அம்மாவோட பொண்ணு."

அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. வெறும் பொறாமை வீட்டுக்குள் கிடக்கும். அதற்கு ஒரு நியாயம் கிடைத்துவிட்டால் தெருவில் இறங்கி நடக்கும். அன்று மாலைக்குள் தெருவின் பதினாலு வீட்டுப் படியையும் அவள் ஏறி இறங்கினாள்.

"நம்ம குப்பையை அள்ளினவங்க நமக்குச் சமமா மாடியில நின்னா, அப்புறம் எவன் இங்க வீடு வாங்குவான்? விலை பாதாளத்துக்குப் போயிடும்."

துப்புரவு வேலை செய்யும் குடும்பங்களுக்கு இந்தத் தெருவில் வீடு விற்பதில்லை என்று ஒரு காகிதம் தயாரானது. முதல் கையெழுத்து அவளுடையது. கையெழுத்துப் போட்ட அத்தனை பேரின் வாசலையும் அன்று காலையில்தான் அந்தத் தாய் கூட்டிவிட்டுப் போயிருந்தாள்.

டீச்சர் காகிதத்தைத் தொடவில்லை. "உங்க வீட்டுக்காரர் ஆபரேஷன் முடிஞ்சு கிடந்தப்போ கண்ணும் கருத்துமா பார்த்தது அந்தப் பொண்ணுதானே?"

"நல்ல பொண்ணுதான் டீச்சர், யார் இல்லைன்னா? ஆனா தெருன்னு ஒண்ணு இருக்குல்ல?"

செய்தி நர்ஸின் காதுக்கும் போயிற்று. அவள் டீச்சரிடம் வந்து, "எங்கம்மா இந்தத் தெருவுல குனிஞ்சது போதும் டீச்சர். சொந்த வீட்டுலயும் குனியணுமா?" என்று சொல்லி விலகிக்கொண்டாள். தன் மகன் இருக்கும் ஊருக்குப் போகும் அவசரத்தில் டீச்சர் ஒரு சிமெண்ட் வியாபாரிக்கு இருபத்தொன்பதுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

தையற்கடைக்காரரின் மனைவிக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது.

இரண்டு மாதம் கழித்துத் தரகர் இவர்கள் வீட்டைப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "இருபத்தொன்பது" என்றார்.

"சமையலறையில புது டைல்ஸ் போட்டிருக்கேனே!"

"அக்கா, வர்றவன் முதல்ல கேக்குறதே பக்கத்து வீடு எவ்வளவுக்குப் போச்சுன்னுதான். ஒரே அளவு, ஒரே சுவர். பேங்குக்காரங்களும் அதைப் பார்த்துத்தான் மதிப்புப் போடுறாங்க."

"பின்தெருவுல எவ்வளவு?"

"நர்ஸு அங்கதான் முப்பத்தொன்பதுக்கு வாங்கினாங்க. இப்போ அந்தத் தெருவுக்கே அதுதான் விலை. அங்க யாரும் பேப்பர் எழுதலையே."

கணவர் எட்டாவது படியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அடுத்தவனுக்குச் சகுனத் தடைன்னு தன் மூக்கை அறுத்துக்கிட்டானாம் ஒருத்தன்" என்றார். மேலே போகவும் முடியவில்லை அவருக்கு, கீழே வரவும் முடியவில்லை.

மறுநாளே காகிதத்தைக் கிழித்துவிடலாம் என்று அவள் எதிர்வீட்டுக்குப் போனாள். அங்கேதான் அது பத்திரமாக இருந்தது. "நீங்கதானே சொன்னீங்க, விலை பாதாளத்துக்குப் போகும்னு?" என்று எதிர்வீட்டுக்காரி அவளையே கேட்டு அனுப்பிவிட்டாள்.

திரும்பி வந்து சமையலறை ஜன்னலைத் திறந்தாள். பின்தெரு வீட்டு மாடியில், வேலையை விட்டுவிட்ட நர்ஸின் தாய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வருஷமாக வாசலில் நின்று, "குப்பை இருக்காம்மா?" என்று கேட்டவள். இவளைவிடப் பத்து வயது பெரியவள்.

"என்ன தங்கச்சி, வீடு பார்க்க யாராச்சும் வந்தாங்களா?"

தங்கச்சி! ஜன்னலை அறைந்து சாத்தத்தான் இவள் கை போனது.

"என்கூடத் தெரு கூட்டினவ மக ஒருத்தி வீடு தேடுறா. நல்ல விலை குடுப்பா. அந்தப் பேப்பரு இன்னும் இருக்கா?"

கை ஜன்னல் கம்பியிலேயே நின்றது. மாடிப்படியில் கணவர் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது.

"இருக்குக்கா" என்றாள்.