லிட்டருக்கு ஒன்பது

என் அக்கா வீட்டுக்காரர் மெக்கானிக். கை சுத்தம், வாய்தான் நீளம். போன மாதம் என் பெரிய டீசல் பிக்கப்புக்கு நான்கு சின்ன டயர்களை மாட்டிவிட்டு, "எட்டேகால்தான குடுத்துட்டு இருந்துச்சு? இனிமே லிட்டருக்கு ஒம்பது, பாத்துக்க மாப்ள!" என்றார். மீட்டரும் ஒன்பது என்றே காட்டியது. அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் அந்த ஒன்பதைப் பீற்றிக்கொண்டு திரிந்தார். நானும்தான்.

இன்று அந்த ஒன்பதை நம்பித்தான் அக்காவைப் பின்சீட்டில் சாய்த்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் மூச்சு ஆக்ஸிஜன் மிஷினில் இருக்கிறது. நேற்றிலிருந்து வீட்டில் கரண்ட் இல்லை. ஆம்புலன்ஸ் கேட்டால் நாளைக்கு என்றார்கள். வாசலிலேயே பிக்கப்பை ஓடவிட்டு, அதன் இன்வெர்ட்டரில் மிஷினை மாட்டித்தான் அவளைக் காப்பாற்றினோம். அதில் டாங்க் பாதிக்கு மேல் காலி. பங்கில் ஸ்டாக் இல்லை, வழியில் வேறு பங்கும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு இருநூற்று அறுபது கிலோமீட்டர்.

"முப்பது லிட்டர் இருக்கு. இருநூத்தி எழுபது போவும். தாராளம்," என்றார் மாமா.

ஏசியை அணைத்தேன். ஜன்னல்களை ஏற்றினேன். அறுபதைத் தாண்டவில்லை. ஓர் இறக்கத்தில் நியூட்ரல் போடப் போனபோது மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"கியர்லயே விடு. கால எடுத்தா போதும், சொட்டு டீசல் எறங்காது."

"என்னடா, நடந்தே போயிருக்கலாம் போலயே," என்றாள் அக்கா, இரண்டு மூச்சுக்கு நடுவில். அந்த நிலையிலும் அவளுக்குக் கிண்டல்.

மீட்டர் நூற்று அறுபத்து மூன்று காட்டியபோது சாலையோரக் கல்லைப் பார்த்தேன். இன்னும் தொண்ணூற்றேழு இருக்கவேண்டும். கல்லில் நூற்றுப் பத்து என்றிருந்தது.

"கல்லு தப்பா மாமா?"

அவர் மீட்டரைப் பார்த்தபடியே அடுத்த கல், அதற்கடுத்த கல் என்று எண்ணினார். முகம் வெளிறிவிட்டது.

"டயரு மாப்ள. சின்ன டயரு நெறைய சுத்தும். மீட்டரு சுத்துறதத்தான் எண்ணும், தூரத்த இல்ல. ஒம்பதும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. அதே எட்டேகால்தான்."

எனக்கு அவர் கன்னத்தில் அறையலாம் போல வந்தது. ஊரெல்லாம் இஞ்சின் பாடம் எடுக்கிற மனுஷனுக்கு இது தெரியாதா? வண்டி என்னுடையதுதானே, எனக்குத்தான் உறைத்ததா?

"நிறுத்து," என்றார். இறங்கி ஓடினார். ஸ்டெப்னி, ஜாக்கி, கடைசியில் இருபது வருஷமாக யாரையும் தொடவிடாத அவருடைய டூல்ஸ் பெட்டி, எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளினார். "பாரம் கொறஞ்சா ரெண்டு கிலோமீட்டராவது கூடப் போவும். ஓட்டு, ஓட்டு!"

ஆஸ்பத்திரி ஊருக்கு எட்டு கிலோமீட்டர் என்ற கல்லைத் தாண்டியதும் இஞ்சின் இருமியது. அப்புறம் நின்றுவிட்டது. இனி மிஷினுக்குப் பேட்டரி மட்டும்தான், மிஞ்சிப்போனால் இருபது நிமிஷம்.

நடுரோட்டில் நின்று கை காட்டினேன். கடவுள் கண் திறந்தது போல, வயல் மோட்டாருக்கு டீசல் கேன் கட்டிக்கொண்டு பைக்கில் வந்த ஒரு விவசாயி நிறுத்தினார். அக்காவை எட்டிப் பார்த்தவர் ஒரு வார்த்தை கேட்காமல் கேனை அவிழ்த்துக் கொடுத்தார். ஊற்றினேன். சாவியைத் திருகினேன். இஞ்சின் எழவில்லை.

"திருகாத! பேட்டரி போயிரும்!" மாமா பானெட்டைத் திறந்தார். "காஞ்சு நின்னா டீசல் குழாயில காத்து ஏறிடும். இந்த ஸ்க்ரூவத் தொறந்து காத்த வெளிய விட்டா ஒரு நிமிஷத்துல ஸ்டார்ட் ஆயிரும். பத்தாம் நம்பர் ஸ்பேனர எடு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். நானும் நின்றேன். பெட்டி நூறு கிலோமீட்டருக்குப் பின்னால் பள்ளத்தில் கிடந்தது. விவசாயி தன் பைக்கைத் துழாவினார். ஸ்பார்க் பிளக் கழற்றும் சாவி ஒன்றுதான் இருந்தது.

மாமா விரலால் திருகினார். ரத்தம் வந்தது. குனிந்து பல்லால் கடித்தார். ஸ்க்ரூ அசையவில்லை. பின்சீட்டில் மிஷின் கீச்கீச்சென்று கத்தத் தொடங்கியது. அக்கா இப்போது கிண்டல் செய்யவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தூரத்தில் ஒரு பஸ் தெரிந்தது. உதடெல்லாம் ரத்தமும் டீசலுமாக மாமா அதற்கு எதிரே ஓடினார். பொண்டாட்டி சாகிறாள் என்று அவர் சொல்லவில்லை, காப்பாற்றுங்கள் என்றும் சொல்லவில்லை.

"பத்தாம் நம்பர் ஸ்பேனர்!" என்று கத்திக்கொண்டே ஓடினார். "ஐயா, பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"